அடுப்பணைந்த கனிமாடம்

மேற்கு மலைகளின் பின்னே கதிரவன் மறைந்து, கீழ்வானில் முழுமதி எழுந்த அந்த மார்கழி அந்தியில், முகில்முடிக் கோட்டையின் கரிய மதில்கள் மீது வெண்பட்டு விரித்தாற்போல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மலையரையரின் ஒரே மகளான அமரநங்கை, தோழியர் எவரையும் அழைத்துக்கொள்ளாமல் கனிமாடத்தை நோக்கி விரைந்து நடந்தாள். காலை முதலே அவள் மனம் ஒரு நிலையில் இல்லை. காரணம் அவளுக்கே விளங்கவில்லை.

கடுங்குளிர் வாட்டும் மலைமுடியில் கனிமாடம் எப்படி வந்தது என்று வாசகர்கள் வியக்கலாம். அமரநங்கையின் அன்னை ஆற்றங்கரை நாட்டில் பிறந்தவள். மணமாகி வந்தவள் மாங்கனிக்கும் மாதுளைக்கும் ஏங்குவதைக் கண்ட மலையரையர், ஒளியை உள்ளே விட்டுப் பனியை வெளியே நிறுத்தும் காக்காப்பொன் தகடுகளால் கூரை வேய்ந்து, அரண்மனையின் மேற்குக் கோடியில் பெருங்கூடம் ஒன்றை எழுப்பினார். அங்கே எரியும் அடுப்பின் வெம்மை, தளத்துக்கு அடியில் ஆள் தவழக்கூடிய சுரங்கம் ஒன்றின் வழியே பரவிச் சென்று, செங்குத்துப் பாறையின் பிளவில் புகையாய் வெளியேறும். அன்னை மறைந்து ஆண்டுகள் பல ஆகியும் அந்த அடுப்பு அணைந்ததில்லை.

ஆயினும் தேனீ நுழையாத அக்கூடத்தில் மாதுளை பூத்துப் பூத்து உதிர்ந்ததே தவிர, சரியாகக் காய்க்கவில்லை. சென்ற கோடையில் வேலை தேடி வந்த வீரட்டன் என்னும் இளைஞன், மயிலிறகின் நுனியால் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைத்தான். கிளைதோறும் பிஞ்சு பிடித்தது. அதைத் தனக்கும் கற்றுத் தருமாறு அமரநங்கை கேட்டாள். ஒரே மரத்தின் இருபுறமும் நின்று இருவரும் பேசிய பேச்சில், பூக்களைப் பற்றிய பேச்சு நாளடைவில் குறைந்துபோயிற்று.

அந்தக் கூடத்துக்குள் இப்போது அடியெடுத்து வைத்தவள் திடுக்கிட்டு நின்றாள். காலடியில் தளம் சில்லென்றிருந்தது. மாவிலைகள் துவண்டு தொங்கின. குளிர்ந்த அடுப்பின் வாயருகே வீரட்டன் சிலைபோல் நின்றிருந்தான்.

"அடுப்பு எப்படி அணைந்தது?" என்றாள்.

"நான்தான் அணைத்தேன், தேவி."

அதற்குமேல் அவன் எதையும் மறைக்கவில்லை. தான் தோட்டக்காரன் அல்லன், அவள் அன்னை மறைந்தபின் பகைநாடாகிவிட்ட ஆற்றங்கரை நாட்டின் படைத்தலைவருள் ஒருவன் என்றான். சுரங்கத்தின் வழியே தன் வீரர்களைக் கோட்டைக்குள் கொண்டுவந்து, குருதி சிந்தாமல் மலையரையரைச் சிறைபிடிப்பதே அவனுக்கு இடப்பட்ட பணி. அதற்காகவே காலையில் அடுப்பை அணைத்தான். நண்பகலுக்குப் பின் உப்பு வணிகனாக வேடமிட்டு வந்த தூதன் வேறொரு கட்டளை கொண்டுவந்தான்: அரச குலத்தில் ஒருவரையும் உயிரோடு விடலாகாது. அதற்குள் வீரர்கள் பாறையேறத் தொடங்கிவிட்டார்கள்.

 தளத்துக்கு அடியில், வெகு கீழே, கல்லில் இரும்பு உரசும் ஓசை கேட்டது. சுவரிலிருந்த பந்தத்தை எடுத்துக்கொண்டு அவள் அடுப்பின் அருகே வந்தாள். 

"இதை மூட்டினால் உம் வீரர்கள் புகையில் மாள்வார்கள். மூட்டாவிட்டால் என் தந்தை மாள்வார். உம் வாக்குக்குக் கட்டுப்பட்டவர்களை நீர் அல்லவா திருப்பி அனுப்ப வேண்டும்?"

"அனுப்பினால் நான் அரசத் துரோகி, தேவி. அவர்களே என்னைப் பிடித்துக் கட்டுவார்கள்."

"அனுப்பாவிட்டால்?"

வீரட்டன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்திவரை அவனைப் பிய்த்துத் தின்ற தயக்கம் அந்தப் பார்வையிலேயே தீர்ந்துபோயிற்று. நிலவொளி கூரைத் தகடுகளைத் தொடும்வரை பொறுத்திருக்குமாறும், அதன்பின் தான் உள்ளே இருக்கக்கூடும் என்று எண்ணித் தயங்காமல் தீ மூட்டுமாறும் சொல்லிவிட்டு, அடுப்பின் கரிய வாய்க்குள் இறங்கினான்.

சற்று நேரத்தில் சுரங்கத்தினுள் பல குரல்கள் மோதிக்கொண்டன. யாரோ உறுமினார்கள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கூரையில் நிலவு வெள்ளியாய் வழிந்தது. அமரநங்கை கண்களை மூடிக்கொண்டு விறகில் தீயை வைத்தாள்.

உடனே மேற்குச் சுவரின் சிறு சாளரத்துக்கு ஓடிச் சென்று பார்த்தாள். பாறைச் சரிவில் நிழலுருவங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அவர்கள் நடுவே ஒருவன் பின்னால் கைகள் கட்டப்பட்டு நடந்தான். ஒருமுறை நின்று மேலே நோக்கினான். பின்னால் வந்தவன் அவனைப் பிடித்துத் தள்ளினான்.

புகை நாற்றம் உணர்ந்து வந்த மலையரையரிடம் அவள் கண்ணீரோடு நடந்ததனைத்தையும் சொன்னாள். அவர் முகம் இறுகியது.

"ஒற்றனுக்காகவா அழுகிறாய், மகளே?"

"ஆம், ஒற்றர்தான். தம் உயிரைப் பணயம் வைத்து நம் உயிரைக் காத்த ஒற்றர்." அவள் எரியும் தழலின்மேல் வலக்கையை நீட்டினாள். "அவரைச் சிறையிலிருந்து மீட்காமல் இக்கோட்டையில் நான் மீண்டும் காலடி வைக்கமாட்டேன். இது அன்னையின் மீது ஆணை."

மலையரையர் அவள் கையைப் பற்றித் தழலிலிருந்து விலக்கினார். பிறகு காவலனை அழைத்து, தமக்கும் மகளுக்குமாக இரண்டு குதிரைகளுக்குச் சேணம் பூட்டச் சொன்னார்.