சிவப்பு விளக்கு விழுந்தவர்கள்

செண்பகவல்லி உள்ளங்கையை வைத்ததுமே சார்புமானியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுக்கு அதில் வியப்பில்லை. அவள் துணையாசிரியராக இருக்கும் மருத்துவ ஆய்விதழுக்கு வந்த அந்தக் கட்டுரையை எழுதியவர் டாக்டர் எஸ்தர் ஞானமலர். அவர் கண்டுபிடித்த செயற்கை நுரையீரல் சவ்வால்தான் ஒன்பது ஆண்டுகளாக அவள் மூச்சு விடுகிறாள்.

கட்டுரையாளர்மேல் பகையோ பாசமோ நன்றியோ இருந்தால், நரம்புத் துடிப்பை வைத்தே சார்புமானி சொல்லிவிடும். பச்சை விழுந்தவர்கள் மட்டுமே மதிப்பிடலாம். துணையாசிரியரானாலும் சிவப்பு விழுந்தால் கட்டுரையைத் திறக்கக்கூடாது.

சவ்வுக்குள் காற்றோடும் வேகத்தைக் கூட்டினால் நோயாளிகள் மாடிப்படி ஏறலாம் என்றது கட்டுரை. பச்சை விழுந்த மூவரும் ஆளுக்கு இரண்டு வரியில் 'ஏற்கலாம்' என்று எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை வெளியீடு.

வெள்ளிக்கிழமை செண்பகவல்லி விதியை மீறி அதைத் திறந்தாள். நான்கு முறை படித்தாள். பிறகு டாக்டரையே அழைத்தாள்.

"டாக்டர், நான் ஆய்விதழ்லேருந்து செண்பகவல்லி. இதை நான் படிச்சிருக்கக் கூடாது. படிச்சிட்டேன். உங்க சோதனை எல்லாமே வெயில் காலத்துல நடந்திருக்கு. ஊட்டி மாதிரி குளிர்ல சவ்வு இறுகிடுமே? இந்த வேகத்துல காத்து போனா கிழிஞ்சிடாதா?"

மறுமுனையில் தாள்கள் புரளும் ஓசை கேட்டது.

"மூணு பேர் பாத்தாங்களேம்மா. உங்க கண்ணுக்கு மட்டும் எப்படிப் பட்டுச்சு?"

"இது நீங்க குடுத்த மூச்சு டாக்டர். உங்க பேருக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னு ஒவ்வொரு எண்ணா பாத்தேன்."

"நல்லா இருங்கம்மா," என்றார் எஸ்தர். அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

செண்பகவல்லி தன் மீறலைத் தானே தலைமை ஆசிரியர் தாவூதிடம் எழுதிக் கொடுத்தாள். விதிப்படி ஆறு மாதம் பணியிடைநீக்கம். அவள் மனம் நிறைந்துதான் வீட்டுக்குப் போனாள்.

நான்கு மாதம் கழித்துத் தாவூத் அழைத்தார்.

"திருத்தின கட்டுரை வந்திருக்கும்மா. பச்சை விழுந்தவங்க மறுபடியும் ரெண்டே வரிதான் எழுதியிருக்காங்க."

"அப்போ யாருக்கு சார் அனுப்பப் போறீங்க?"

"அதான் தெரியல. இத்தனை வருஷமா சிவப்பு விழுந்துதுன்னு நாம திருப்பி அனுப்பினவங்க பட்டியலை எடுத்துப் பாத்தேன்." அவர் பெருமூச்சு விட்டார். "இந்தத் துறையில உயிரைக் குடுத்துப் படிக்கிறவங்க அத்தனை பேரும் அதுலதாம்மா இருக்காங்க."