முதலில் முழிக்கும் முகம்

அந்த வீட்டின் முகப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தரை மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, டாக்ஸியை விட்டு இறங்கும்போதே என் முகவாய் நெஞ்சில் ஒட்டியிருந்தது. வலது கண்ணில் கட்டு. துணைக்கு அமர்த்திக்கொண்ட அம்பிகா என் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். உடைந்த சிமெண்ட் பாதை, காய்ந்த வேப்பிலைகள், ஒரு படி, பெயிண்ட் உரிந்த நிலைவாசல், அப்புறம் கறுப்பும் வெள்ளையுமாகச் சில்லு பதித்த மொசைக் தரை. நான் பார்த்தது அவ்வளவுதான்.

“என்னாக்கா, கல்யாணப் பொண்ணு கணக்கா தலை குனிஞ்சே வர்றீங்க. ஆரத்தி எடுக்கவா?” என்றாள் அம்பிகா.

சிரிக்கக்கூடப் பயமாக இருந்தது. சிரித்தால் தலை ஆடும்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லோதி ரோடு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, புசா ரோடு பக்கம் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். குளிர்காலத்தில்தான் கண்ணுக்குள் பூச்சி பறக்க ஆரம்பித்தது. பனிமூட்டத்தில் வெள்ளையாகக் கிடக்கும் வானத்தைப் பார்த்தால் கறுப்பு நூல்கள், கொசுக்கள், ஒரு முடிச்சு. இருட்டில் தலையைத் திருப்பினால் கண்ணோரம் மின்னல் வெட்டும். வயதானால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கும், அதனால் வருவது, பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஆனால் பூச்சிகள் ஒரேயடியாகக் கொட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை விழுந்தாலோ உடனே ஓடி வர வேண்டும் என்றும் சொன்னார்.

பழகிக்கொண்டேன். வெயில் ஏறிய ஒரு காலையில் வலது கண்ணில் சாம்பல் நிறத்தில் திரை விழுந்தது.

இடது கண் சிறுவயதிலிருந்தே மந்தம். வலதுதான் என் கண். ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். நான் குனிந்தே இருந்தால்தான் அந்தக் குமிழி விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்குமாம். நிமிர்ந்தால் மறுபடி பிய்ந்துகொள்ளும். அப்புறம் எதுவும் செய்ய முடியாது. கண் போய்விட்டால் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போக உலகத்தில் ஒருத்தரும் இல்லை.

மூன்று மாடி ஏற வேண்டாம் என்று, என்னோடு வேலை பார்த்த, இன்னும் சர்வீஸில் இருக்கும் ஜலஜா தன் பழைய குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தாள். சரோஜினி நகரில் இடிக்கப்போகிற ப்ளாக் அது. எல்லோரும் புது டவர்களுக்குப் போய்விட்டார்கள். மேல்வீட்டு ஜன்னல்களைக்கூடப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரன் கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். ஜலஜா மட்டும் இன்னும் சாவியை ஒப்படைக்கவில்லை.

“கீழ் வீடுடி மகா. பயப்படாதே. நான் பக்கத்துலதானே இருக்கேன், மத்தியானம் மத்தியானம் லஞ்ச் டைம்ல வந்து பாத்துக்கறேன்” என்று போனில் சொல்லியிருந்தாள்.

கட்டிலில் குப்புறப் படுத்து, விளிம்பில் சுருட்டி வைத்த துண்டில் நெற்றியைப் பதித்து, தொங்கும் முகத்தோடு தரையைப் பார்த்துக் கிடப்பேன். இடது கண்ணிலும் பூச்சிகள் வந்திருந்தன. மொசைக் புள்ளிகளின் மேல் அவை மிதக்கும். எது தரையில் இருப்பது, எது கண்ணில் இருப்பது என்று புரியாதபோது விழியை லேசாக அசைத்துப் பார்ப்பேன். கூடவே நகர்ந்தால் அது எனக்குள் இருப்பது. நகராவிட்டால் வெளியே இருப்பது.

மத்தியானம் அம்பிகா பிள்ளைகளுக்குச் சோறு போட வீட்டுக்கு ஓடுவாள். வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவாள். அப்புறம் வீட்டில் கூலர் இரையும் சத்தம் மட்டும்தான். ஈரமான வெட்டிவேர் வாசனை. வெளியே அனல்காற்றில் மேல்வீட்டுக் கதவு ஒன்று சுவரில் மோதிக்கொண்டே இருக்கும்.

ஜலஜா அந்த நேரத்தில்தான் வந்தாள்.

“ரொம்ப வலிக்கறதாடி?”

பூட்டு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. கூலர் இரைச்சலில் எப்படிக் கேட்கும்? இன்னொரு சாவி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“கழுத்துதான்டி போச்சு” என்றேன். “மாடு மாதிரி குனிஞ்சே கெடக்கேன்.”

என் தலைமாட்டில் நின்றபடி பேசினாள். ஆபீஸ் கதை, கேண்டீன் கதை, பழைய அண்டர் செக்ரட்டரியின் கோபம். எல்லாம் சரியாக இருந்தது. அவள் வந்தால் ஈரச் சுண்ணாம்பு வாசனை வரும், அப்போதுதான் வெள்ளையடித்த சுவர் மாதிரி. பக்கத்தில் எங்கோ வேலை நடக்கிறது போலும் என்று விட்டுவிட்டேன்.

தினமும் வந்தாள். தனிமையில் கிடப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று குப்புறப் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் பேச்சுக்கு நடுவில் சொன்னாள்:

“ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பாரேன்டி.”

“டாக்டர் கொன்னு போட்டுருவாரு.”

“ஒரு நிமிஷம்டி. யாருக்குத் தெரியப் போறது?”

“வேணாம் ஜலஜா. கண்ணு போயிரும்.”

கூலர் மட்டும் இரைந்தது. அவள் மனம் வருந்திவிட்டாளோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. சமாதானப்படுத்தத்தான் சொன்னேன்.

“டாக்டர் நிமிரலாம்னு சொல்ற அன்னிக்கு, முதல்ல உன் முகத்துலதான் முழிப்பேன். போதுமா?”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சுண்ணாம்பு வாசனை மட்டும் மூச்சு முட்டுகிற அளவுக்கு ஏறி, மெல்ல இறங்கியது.

மறுநாளும் வந்தாள்.

“பூச்சியெல்லாம் இன்னும் தெரியறதா?”

“தெரியாம? அதுங்கதான் எனக்கு இப்ப சொந்தக்காரங்க.”

சொல்லிக்கொண்டே இருக்கும்போது, என் முகத்துக்கு நேர் கீழே தரையில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. திரை எரிந்தது.

ஜலஜா.

பெயர் அதுதான். விழியை அசைத்துப் பார்த்தேன். பூச்சிகள் அசைந்தன. எழுத்து அசையவில்லை.

தலைமாட்டில் ஜலஜா பேசிக்கொண்டிருந்தாள்.

என் விரல் தானாகப் போனை நோக்கிப் போயிற்று.

“எடுக்காதே” என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. அதே பிரியம்.

எடுத்துவிட்டேன். ஸ்பீக்கரில் குரல் வெடித்தது.

“மகா! சாரிடி, சாரி! நீ டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கே மாமனாருக்கு ஸ்ட்ரோக்னு போன் வந்துது. அப்படியே போபாலுக்கு ரயில் ஏறிட்டோம். உன்னை வந்து பாக்கவும் முடியலை, ஒரு போன் பண்ணவும் முடியலை. திட்டாதேடி. ஹலோ? மகா? கேக்கறதா?”

போனை வாயருகே இழுத்தேன்.

“கேக்கறது” என்றது, என் தலைக்கு மேலே, அதே குரல்.

“அச்சா, என் குரலே எனக்குத் திரும்பி வருதுடி. லைன் சரியில்லை. சாயங்காலம் பண்றேன்.”

போன் அணைந்தது.

நான் தரையைப் பார்த்தேன். கட்டிலின் கால் தெரிந்தது. கூலரிலிருந்து ஒழுகிய தண்ணீர் தெரிந்தது. பேசுகிறவள் நிற்க வேண்டிய இடம் முழுவதும் எனக்குத் தெரிந்தது.

அங்கே கால்கள் இல்லை.

இத்தனை நாளும் அங்கே கால்கள் இருந்ததே இல்லை. குரல் வந்தால் ஆள் இருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இப்பவே பாரேன்” என்று பிடரியில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முகவாய்க்கு அடியில் ஒரு விரல் பட்டது. அது அவசரப்படவில்லை. குழந்தையின் முகத்தைத் தூக்குவது போல, மெல்ல, மேலே தள்ளியது. நான் என் முழுப் பாரத்தையும் நெற்றியில் கொடுத்துத் துண்டில் அழுந்தினேன். கழுத்து நடுங்கியது. நிமிர்ந்தால் கண் போகும். கண் போவதற்கு முன்னால் அது கடைசியாகப் பார்ப்பது எதை?

பூட்டு திறந்தது.

“அக்கா, வெயிலு கொளுத்துது. மாம்பழம் வாங்கியாந்தேன்” என்று அம்பிகா உள்ளே வந்தாள்.

விரல் விலகியது.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்பிகா வீடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, என் கண்ணில் படும்படி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியும் வளையல் கைகளும் தெரிந்தன.

“யாருமே இல்லக்கா. ஆனா நீங்க பொய் சொல்ற ஆளும் இல்ல.”

“சத்தியம் பண்ணிட்டேன்டி அம்பிகா. அது கேட்டுச்சு, நான் பண்ணிட்டேன்.”

அவள் யோசித்தாள். பிறகு சிரித்தாள்.

“அதுக்கு முன்னாடி என் மூஞ்சில முழிச்சுருங்க. தீந்துச்சு கணக்கு. எங்க வூட்டுக்காரரு தெனமும் என் மூஞ்சில முழிச்சுத்தான் உருப்படாம போனேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. மனுசனே தாங்கல, பேயி எங்க தாங்கும்?”

அந்த வீட்டை விட்டுப் போகவும் வழியில்லை. என் மூன்று மாடியில் ஒரு படி தடுக்கினாலும் கண் போகும். அம்பிகாவின் ஒற்றை அறையில் ஏற்கெனவே ஐந்து பேர். அதனால் அவள் பிள்ளைகளைப் புருஷன் பொறுப்பில் விட்டுவிட்டு, என்னைத் தனியே விடாமல் அங்கேயே தங்கிவிட்டாள். குரல் வரவில்லை. மத்தியானங்களில் சுண்ணாம்பு வாசனை மட்டும் வந்து, தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும்.

செக்கப் நாள் வந்தது. இருட்டறையில் டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சத்தை அடித்தபோது வெளிச்சத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. விழித்திரை நன்றாக ஒட்டிக்கொண்டது, பூச்சிகள் இருக்கும், மின்னலும் எப்போதாவது வரும், கவலைப்படாதீர்கள், இனி நிமிரலாம் என்றார்.

தலை குனிந்தபடியே வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்பிகா சொட்டுமருந்து வாங்கப் போனாள். எதிரே செருப்புகள், ஷூக்கள், ஒரு சக்கர நாற்காலி எல்லாம் கடந்து போயின.

“அக்கா, வந்துட்டேன். நிமிருங்க.”

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. முகவாயைத் தூக்கப் போனேன்.

“நாந்தான் நிக்கறேன். என் மூஞ்சில முழிங்க.”

சுண்ணாம்பு வாசனை.

என் முழங்கால்களுக்கு எதிரே டைல்ஸ் தரை வெறுமையாக இருந்தது. நடந்து வருகிறவர்கள் ஏனோ அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“நிமிருங்கக்கா” என்றது, இன்னும் குனிந்து, என் காதருகே. “டாக்டரே சொல்லிட்டாருல்ல?”

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் நீல வார் செருப்பு போட்ட இரண்டு கால்கள், வெடித்த குதிகால்களோடு, அவசரமாக வந்து நின்றன.

“மருந்துக் கடையில கூட்டம்க்கா. என்னா இப்படி வேர்த்துக் கெடக்கு? நிமிருங்க, நான் நிக்கறேன்.”

எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சூடாக இருந்தது. வளையல்கள் நொறுங்குவது போல இறுக்கிக்கொண்டு, நிமிர்ந்தேன்.

அம்பிகாவின் முகம். மூக்குத்தி, வெற்றிலைக் கறை, வியர்வை. வலது கண்ணுக்குள் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு ஆடியது. அதற்கு மேலே, பல நாளுக்குப் பிறகு, ஒரு மனித முகம்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

“அழாதீங்க, கண்ணுக்கு ஆவாது” என்றாள்.

அந்த வீட்டுக்கு நான் திரும்பப் போகவில்லை. புசா ரோட்டில் என் அறைக்கு வந்துவிட்டேன். மழை ஆரம்பித்த பிறகு குமிழி கரைந்து, கோடு மறைந்தது. பூச்சிகள் இருக்கின்றன. பால்கனியில் நின்றால் மேகத்தின் மேல் மிதக்கும். மின்னல் எப்போதாவது. அவற்றுக்கு நான் பயப்படுவதில்லை. விழியை அசைத்தால் கூடவே வருகின்றன, அவை என்னுடையவை.

நேற்று மத்தியானம் அம்பிகா போன் செய்தாள். லோதி ரோடு பக்கம் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். குரல் தாழ்ந்திருந்தது.

“அக்கா, உங்களை ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. நான் வேலை செய்யற வூட்டுக்கு எதுக்கு வர்றீங்க?”

“நானா? நான் எங்கடி வந்தேன்?”

“தெனமும் வர்றீங்களே. நான் குனிஞ்சு தரை தொடைக்கறப்பதான் வர்றீங்க. பின்னாடி நின்னுகிட்டு, அம்பிகா, என் மூஞ்சியப் பாருங்கறீங்க. கைவேலைய முடிச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள போயிடறீங்க. மேடம் வூட்டுல யாருக்காச்சும் தெரிஞ்சா என் வேலை போயிரும்க்கா.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அம்பிகா, இப்ப எங்க இருக்கே?”

“தரைதான் தொடைச்சுக்கிட்டு இருக்கேன். இருங்க... இப்பவும் பின்னாடி வந்து கூப்புடறீங்க. போனுலயும் நீங்க, பின்னாடியும் நீங்களாக்கா?”

போனுக்குள், தூரத்தில், ஒரு பெண் குரல் கேட்டது. நிதானமாக, பிரியமாக. அது என் குரல்.

“நிமிர்ந்து பாரு அம்பிகா.”

“நிமிராதே!” என்று கத்தினேன். “அம்பிகா, பாக்காதே! நிமிராதே!”

ஈரத் துணி வாளியில் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு அம்பிகா மெல்லிய குரலில் கேட்டாள்:

“என்னாக்கா, ஒரே கொரல்ல ரெண்டு விதமா சொல்றீங்க? நான் எதைக் கேக்கறது?”