நாற்பது நொடி மௌனம்

சீரஸ் அலைமாற்று நிலையத்தில் என் வேலை, கடந்து போகும் ஒலிகளில் மௌனத்தை வெட்டுவது. கோள்களுக்கிடையே அலைவரிசையில் அவ்வளவு நெரிசல். இரண்டு நொடிக்கு மேல் சத்தமில்லை என்றால் மௌனவெட்டி கத்தரித்துவிடும். துக்கம் சொல்லி அழுபவருக்குக்கூட விசும்பி நிறுத்த இடம் கிடையாது.

வெள்ளிதோறும் செவ்வாயிலிருந்து ரெஜினாவின் ராக் பாட்டு வரும். சுரங்க லாரி ஓட்டுகிற பெண். கிட்டாரை அலறவிட்டு, பார்த்தேயிராத ஒருவனை "எங்கடா இருக்க?" என்று கூப்பிடுவாள். அம்மாடி, என்ன குரல்! மூன்று வருடமாக நான் அதற்கு அடிமை. பாட்டின் நடுவே நாற்பது நொடி ஒன்றுமே இருக்காது. மூச்சு வாங்குகிறாளாக்கும் என்று நினைத்து, வெட்டித்தான் சனிக்கோள் பக்கம் அனுப்புவேன்.

இந்த வாரம் பாடுவதற்கு முன் பேசினாள். "இதுதான் கடைசிப் பாட்டு. ஒருத்தர்கூட பதிலுக்கு வாசிக்கல. கிட்டார யாருக்காவது குடுத்துடப் போறேன்."

பாட்டு ஓடியது, மௌனம் வந்தது, வழக்கம்போல என் விரல்கள் மேசையில் தாளம் போட்டன.

பக்கத்து இருக்கை சுடலைமுத்து சிரித்தான். "என்னவே, மூணு வருசமா அந்த எடத்துல மட்டும் தட்டுதீரு? உமக்கா விட்டு வச்சிருக்கா?"

அட பாவி நானே! பந்தியில் பக்கத்து இலையைப் பிடித்து வைப்பதுபோல அவள் யாருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறாள். வாராவாரம் அந்த இலையை எடுத்துப் போட்டவன் நான்.

மௌனவெட்டியை அணைத்தேன்.

"வேல போயிரும்வே!" என்று சுடலைமுத்து பதறினான்.

"போகட்டும்." பாட்டை மௌனத்தோடு முழுசாக அனுப்பினேன்.

மூன்று மணி நேரம் கழித்து, சனியின் நிலவான டைட்டனிலிருந்து பதில் வந்தது. "பேரு மாசிலாமணி. இங்க குழாய் ரிப்பேர் பாக்குறேன். மூணு வருஷமா உங்க பாட்டக் கேக்குறேங்க. கூட வாசிக்க ஆசதான், ஆனா நொழைய எடமே இல்லையேன்னு இருந்துட்டேன். இன்னிக்குத்தான் எடம் விட்டிருக்கீங்க."

பிறகு பேஸ் கிட்டார், சரியாக நாற்பது நொடி. அவளுடைய தவிப்புக்கு அடியில் போய்த் தாங்கியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டைட்டனுக்குப் போனவர்கள் திரும்புவதில்லை; இருவரும் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. அது தெரிந்தும் அவன் கடைசியில் நாற்பது நொடி சும்மா விட்டிருந்தான்.

திரையில் பணிநீக்க உத்தரவு சிவப்பாக மின்னியது. பதிலை முழுசாகச் செவ்வாய்க்கு அனுப்பினேன். மௌனம் ஓடியபோது விரல்கள் பழக்கத்தில் மேசைக்குப் போயின. இழுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த இடம் ரெஜினாவுக்கு.