உலைக்குள் முப்பத்தேழு டிகிரி

உலை வெள்ளையாய்க் கொதித்துக்கொண்டிருக்க, சூடு காட்டும் மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே போனது.

உலைக்காரருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. எந்த மீட்டரையும் அவர் நம்பியவரில்லை. உலைக்குள் சூட்டை அளக்க ஆயிரத்து முந்நூறு டிகிரியில் மாசக்கணக்காய் வேகிற தெர்மோகப்பிள் கம்பி எதுவானாலும் நைந்துபோகும். நைந்தால் உள்ள சூட்டைக் குறைத்துத்தான் காட்டும். அதை நம்பித் தீயைக் கூட்டினவன் கதி, உலைக்கூரை உருகித் தலையில் இறங்குவதுதான். ஆனால் நைந்த கம்பி பத்து குறைக்கும், இருபது குறைக்கும். இதுவோ காலையில் மாட்டிய புதுக் கம்பி. நூறு நூறாய் இறங்கி முப்பத்தேழில் வந்து நின்றது.

நின்றது நின்றதுதான். பர்னர்களின் இரைச்சலும், காய்ந்த செங்கல்லின் காரநெடியும், தகரக் கூரையில் மழையும் வழக்கம்போலவே இருக்க, அவற்றுக்கு அடியில் யாரோ நிதானமாக மூச்சிழுப்பதுபோல ஒரு சத்தம் வந்து வந்து போனது.

உலை மேல் மச்சினன் நின்றிருந்தான். மனைவி போனபின் அவருக்கென்று மிஞ்சிய ஒரே ஆள்.

"மாப்ளே, கம்பிய ஒழுங்காத்தான மாட்டினே?"

"மாட்டினேன் மாமா. உங்க மூஞ்சியப் பார்த்து பயந்து இறங்கிருச்சு போல. இருங்க, உருவிப் பார்க்கறேன்."

"வேணாம். இறங்கி வா."

"கம்பிதான மாமா, கடிக்கவா போகுது?"

உருவினான். வரவில்லை. கையுறைக் கைகள் இரண்டாலும் இழுத்தான். ஒரு விரற்கடை வந்தது. பிறகு அதே அளவு உள்ளே போனது.

"மாமா..." குரலில் இப்போது கேலி இல்லை. "உள்ள யாரோ இழுக்கறாங்க."

"விட்டுத்தொலைடா!"

விடுவதற்குள் கம்பி சரேலென்று வெளியே வந்தது. பழுத்துச் சிவந்திருக்க வேண்டிய நுனி கறுப்பாய் இருந்தது. அதன் உலோக உறையில் வரிசையாய் நாலு பள்ளம். எதிர்ப்பக்கம் ஒன்று.

உலைக்காரருக்குப் புரிந்தது. கம்பி பொய் சொல்லவில்லை. தன்னைப் பொத்திப் பிடித்திருந்ததன் சூட்டைத்தான் சொல்லியிருக்கிறது. காய்ச்சலில்லாத உடம்பின் சூடு.

கம்பி இருந்த துளை திறந்து கிடந்தது.

மச்சினன் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"டேய், பார்க்காதே!" உலைக்காரர் ஏணிக்கு ஓடினார். ஏணியில் கால் வைத்தார்.

துளையிலிருந்து தீ வரவில்லை. புகை இல்லை.

விரல்கள் வந்தன. கருகாத, ஈரமான விரல்கள். ஒவ்வொன்றாய், அவசரமில்லாமல், குனிந்திருந்த முகத்தைத் தடவி, தாடையைப் பற்றின.