வாசல் வெளிச்சத்தில் ஒரு கல்யாணப் புடவை

பிரதீபா தேடிய புடவையின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான்.

முழுப் புடவையின் மேலும் இல்லை... முந்தானையில் ஒரு முழத்தின் மேல். காரைக்கால் மாதாகோயில் தெருவில், முகைதீன் பிச்சையின் ஜவுளிக்கடையில், வெள்ளை விரிப்பில் சம்மணமிட்டுக் கைப்பேசியில் மூழ்கியிருந்தான். பிரதீபா இந்தப் பக்கமிருந்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். ஆள்தான் லேசாக அசைந்தது.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? கல்யாணப் புடவைங்க அது."

அவன் பதறி எழுந்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்... திட்ட வேண்டும் என்று எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. குரும்பகரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள். இது நாலாவது கடை. முதல் மூன்றும் கண்ணாடிக் கதவு போட்ட பிரைடல் கடைகள். சிம்பிளாக ஒரு முகூர்த்தப் புடவை வேண்டும் என்றதும், வேலைக்குக் கட்டிக்கொண்டு போகவா என்று கேட்டார்கள் ஒரு கடையில். இன்னொரு கடையில் சிம்பிள் என்று சொல்லிக் கொண்டுவந்ததைத் தூக்கவே இரண்டு பெண்கள் வேண்டியிருந்தது. இங்கேதான், குவியலுக்கு அடியில், விரலகலக் கரையோடு இது கண்ணில் பட்டது. நிறம் அரக்கா, காப்பிக்கொட்டையா என்று உற்றுப் பார்க்கும்போதே கரண்ட் போய்க் கடை இருண்டது. வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"கரண்ட் ஆபீசுல எல்லாரும் தூங்குறாங்க போல" என்று முணுமுணுத்தாள்.

"இல்லைங்க... ஒருத்தன் புடவை மேல உட்கார்ந்திருந்தான்."

பெயர் நவநீதன், திருமலைராயன்பட்டினத்துக்காரன், மின்துறையில் இளநிலைப் பொறியாளன் என்பதெல்லாம் அடுத்த இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது. இன்று விடுமுறையாம். அம்மா பங்கஜவல்லியின் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து வாங்க வந்தவன், மழை விடட்டும் என்று உட்கார்ந்தானாம். உட்காரத்தான் இடம் பார்க்கவில்லை.

நிஜ நிறம் வாசல் வெளிச்சத்தில்தான் தெரியும், அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள் என்று உள்ளேயிருந்து சொன்னார் முகைதீன் பிச்சை. ஒரு முனையை அவள் எடுத்தாள். மறுமுனை தரையில் புரளப் போனது... அவன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

வாசலில் சாரல். மேகத்துக்கு அடியிலிருந்து வந்த வெளிச்சம் புடவை முழுக்கப் பரவியது. அரக்கேதான். சந்தேகமே இல்லை. மேல்தலைப்பைத் தோளில் போட்டுப் பார்த்தாள் பிரதீபா. எதிரே நின்றவன் பார்வையை எடுக்க மறந்துவிட்டான். அவள் இமையில் ஒரு மழைத்துளி இருந்தது. அதைச் சொல்லலாமா, கூடாதா என்று தெரியாமல் தவித்தான்.

"நல்லாருக்கா?" முன்பின் தெரியாதவனிடம் அவள் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"புடவையா கேக்குறீங்க?"

அவள் குனிந்துகொண்டாள். காது வரைக்கும் சூடு.

முகைதீன் பிச்சை இதையெல்லாம் கல்லாவிலிருந்து பார்த்து, தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முகூர்த்தப் புடவையை அவர் பையில் போட்டுக் கொடுப்பதில்லை. ஓரத்தில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு தட்டில் வைத்துத்தான் கொடுப்பார். இந்தப் பக்கத்தில் கல்யாணப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் என்பதால் தட்டு அவர்கள் கைக்குத்தான் முதலில் போகும்.

"மாப்பிள்ளை, நீங்க வாங்கி அவங்க கையில கொடுங்க."

மறுப்பதற்குள் தட்டு அவன் கையில் இருந்தது. அவன் பிரதீபாவைப் பார்த்தான். இவர் இல்லை பாய் என்று அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். விரல்கூடப் படவில்லை.

வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ஃபால்ஸ் தைக்கப் புடவையைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது, கல்யாணம் எப்போது என்று அவன் கேட்டான்.

"தையில."

அவன் கண்ணிலிருந்த சிரிப்பு சட்டென்று அணைந்தது. நல்லாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு மழையிலேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரதீபா தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தையாவது, மாசியாவது... மாப்பிள்ளையே இல்லையே. கடைசியாக வந்த இடத்தில், நாங்கள் கனச் சரிகையில் புடவை எடுப்போம், அதற்கு ஈடாக நீங்கள் நகை போடுங்கள் என்றார்கள். அப்பா கைலாசநாதன் வயலை விற்கவே கிளம்பிவிட்டார். அவள்தான் தடுத்தாள். என் புடவையை நானே எடுத்து வைக்கிறேன், இது போதும் என்கிறவர் வரட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். வீட்டில் சொல்ல முடிந்ததை அவனிடம் எப்படிச் சொல்வது? ஆள் கிடைக்காமல் புடவை வாங்க வந்தவள் என்று அந்தக் கண்கள் சிரித்தால்... தாங்காது. அதனால்தான் பொய் சொன்னாள். பொய்யை நம்பி அவன் போனதுதான் இப்போது அதைவிட வலித்தது.

வெள்ளிக்கிழமை புடவையை வாங்கப் போனபோது அவன் கடையில் இருந்தான். கையில் பை இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

இன்னொருத்தர் உரிமையைத் தான் எடுத்துக்கொண்டது மனதை அறுக்கிறது என்றான். பாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டானாம். அவரும் வருத்தப்பட்டு மறுபடி தட்டு வைத்திருக்கிறாராம். மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொல்லி முறைப்படி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"அவர் பேரு என்னங்க?"

ஒரு பெயரைச் சொன்னால் போதும். மானம் தப்பிவிடும். இவனும் போய்விடுவான்... போய்விடுவானே. பிரதீபா தட்டிலிருந்த புடவையைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்படி யாரும் இல்லைங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். சரிகை, நகை, வயல், தை என்று சொன்ன பொய். முகைதீன் பிச்சைக்கு உள்ளே ஏதோ அவசர வேலை வந்து எழுந்து போனார். அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள்.

அவன் சிரிக்கவில்லை. உட்காரப் போனான். கீழே புடவை கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது.

"அன்னைக்கு நீங்க தையின்னு சொன்னதும் அரசலாத்துப் பாலத்துல வண்டிய நிறுத்திட்டு மழையிலயே நின்னேங்க" என்றான். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம அம்மாவ அழைச்சிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரவா?"

உடனே சரி என்று சொல்லத் தோன்றியது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

"வேற புடவை எடுத்துக்கிட்டு வரமாட்டீங்களே?"

"இத வெளிச்சத்துல பார்த்தவன் நான்... வேற எதுக்குங்க?"

பிரதீபா தட்டை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னைக்கு பாய் சொன்னாருன்னு கொடுத்தீங்க. இன்னைக்கு நீங்களா கொடுங்க."

அவன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்தான். இந்த முறை விரல்கள் பட்டன. அவள் தன் விரல்களை விலக்கிக்கொள்ளவில்லை.

"தேதி பார்க்கணுமேங்க..." என்றான் மெதுவாக.

"அதான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள் பிரதீபா. "தையில."