சத்தமில்லாத என்ஜின்

புது என்ஜினைத் தள்ளுவண்டியில் வைத்து மெக்கானிக் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. நல்ல வெயில். சின்னவன் பழைய என்ஜினின் போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தான். பன்னிரண்டு வருடத் துரு, அவ்வளவு லேசில் கழன்று கொடுக்குமா?

“இது ஃபோர் ஸ்ட்ரோக். பழக்க தோஷத்துல பெட்ரோல்ல ஆயிலைக் கலந்துடாதீங்க” என்றார் மெக்கானிக். “போன வாரம் ஒருத்தர் கலந்துட்டு, புகையா வருதுன்னு எங்கிட்டயே சண்டைக்கு வந்தார்.”

அண்ணி சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு வருடம் ஆகிறது. சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

என்ஜினை மாற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளே அவள்தான். படகு அண்ணனுடையது, அதாவது இப்போது அவளுடையது. “அந்த இரைச்சல்தான் அவரைக் கொன்னுது. அவர் கூப்பிட்டது உங்க காதுல விழலையே, தம்பி. நாளைக்கு உங்களுக்கும் அப்படி ஒண்ணு ஆகக் கூடாது” என்று நச்சரித்து, சத்தம் போடாத என்ஜினாகத் தேடிப் பிடித்திருந்தாள்.

காதில் விழவில்லை என்று அவளிடம் சொன்னவன் சின்னவன். சொன்னது பொய்.

அன்று வலை விரிக்கும் இடத்தைப் பற்றி அண்ணனுக்கும் அவனுக்கும் வாய்த் தகராறு. மிதவைக் கயிற்றை இழுக்கக் குனிந்த அண்ணன் தவறி விழுந்ததை அவன் பார்த்தான். “டேய் சின்னவனே” என்று கூப்பிட்டதும் நன்றாகவே கேட்டது. நீச்சல் தெரிந்த ஆள்தானே, கொஞ்சம் தண்ணீர் குடிக்கட்டும் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். வந்தபோது மிதவை மட்டும் இருந்தது. அந்த ஒரு சுற்றை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதெல்லாம் வாங்கக் கை கூசியது. ஆனாலும் வாங்கினான்.

மதியத்துக்குள் புது என்ஜின் ஏறிவிட்டது. மெக்கானிக் துறையில் நின்றபடி படகின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பழசைவிட இது இருபது கிலோ கம்மி. பின்பக்கம் கொஞ்சம் தூக்கணுமே. உள்ள தண்ணி ஏதும் நிக்குதா?”

சின்னவன் பலகையைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே காய்ந்து கிடந்தது.

“அப்படியும் நாலு விரக்கடை அமுங்கித்தான் நிக்குது. யாரோ உக்காந்திருக்கிற மாதிரி” என்று சொல்லிவிட்டு, அவரே சிரித்துக்கொண்டார். “சரி, ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டு வாங்க.”

“நானும் வரேன்” என்று அண்ணி ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள்.

கயிற்றை ஒரே இழுப்பு. புகையில்லை, உதறலில்லை. “தையல் மெஷின் மாதிரியில்ல இருக்கு!” என்றாள். துறை பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. பலகையில் தண்ணீர் உரசுவது கேட்டது. அண்ணியின் வளையல் கேட்டது. அதற்கும் பின்னால் இன்னொன்று கேட்டது.

“டேய் சின்னவனே.”

அவன் திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டினான். குரல் குறையவில்லை. ஈரக் கயிற்றில் ஊறிய பாசி நாற்றம் மூக்கில் ஏறியது.

படகை இடப்பக்கம் திருப்பினான். குரல் முதுகுக்குப் பின்னால்.

வலப்பக்கம் திருப்பினான்.

முதுகுக்குப் பின்னால்தான். கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

“என்ன தம்பி, ஏன் இப்படி வேர்க்குது?”

“உங்களுக்குக் கேக்கலியா அண்ணி?”

“என்னது?”

இரைச்சலில் காதில் விழவில்லை என்று இந்த என்ஜினை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல முடியாது. அவன் என்ஜினை அணைத்தான்.

“அண்ணன் கூப்பிடறாரு. அன்னைக்கும் கேட்டுச்சு அண்ணி. சத்தத்துல கேக்கலன்னு சொன்னது பொய். விழுந்ததையும் பாத்தேன். கோவத்துல ஒரு சுத்து போயிட்டுத்தான் வந்தேன்.”

அவள் அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்திருந்தால் தேவலை.

“நீ கொண்டாந்த மீனைத்தான் ரெண்டு வருஷமா சமைச்சேன்” என்றாள் மெதுவாக. “உனக்கும் போட்டேன்.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை ‘நீங்க’ என்று மட்டுமே கூப்பிட்டவள். அந்த ‘நீ’யில் அவன் கூனிக் குறுகிப் போனான். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

குரல் நின்றிருந்தது.

அண்ணி இப்போது அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பார்வை மெல்ல நகர்ந்தது. அவனைக் கடந்து, பக்கவாட்டில் ஊர்ந்து, தன்னருகே வந்து நின்றது. படகு ஒருமுறை ஆடி அடங்கியது.

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, பலகையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“என்ஜினைப் போடு” என்றாள் சின்னவனிடம். “அவருக்குக் குளிருது.”