முலாம்பழத் திருடி

நீவெஸ் பென்சில் பெட்டியைத் திறந்தாள். பென்சில்களுக்கு நடுவே முலாம்பழ விதைகள் கொழகொழவென்று கிடந்தன. பின் வரிசையில் மனோலோ ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சாதாரணமாக வானத்தைப் பார்க்கிற பையனே கிடையாது.

பள்ளி திறந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இது மூன்றாவது தடவை. நீவெஸுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

எல்லாம் அந்தப் பட்டப்பெயரால் வந்த வினை. லீதோலா தீவில் மொத்தமே இரண்டு குடும்பப் பெயர்கள்தான். ஒன்று கெட்ஸோ, இன்னொன்று ஸ்கார்ப்பா. கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் அது ஒரு கெட்ஸோ மேல்தான் விழும். அதனால் எந்த கெட்ஸோ என்று தெரிவதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தபால், ஓட்டுச்சீட்டு, பள்ளிப் பதிவேடு எல்லாவற்றிலும் அது இருக்கும். ஒரு வீடு 'வாத்து', ஒரு வீடு 'பொன்வாய்'.

நீவெஸ் வீட்டுக்கு வாய்த்தது 'லாத்ரோ'. அதாவது திருடன்.

எதைத் திருடினார்கள் என்பதும் தீவுக்கே தெரியும். முலாம்பழத்தை. தேவாலயத்தின் பழைய பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். வகுப்பில் யாருடைய ரப்பர் காணாமல் போனாலும் பதினான்கு தலைகளும் அவள் பக்கம் திரும்பும்.

போன வாரம்தான் அவள் அப்பாவிடம் சண்டை போட்டாள். நகராட்சியில் சொல்லி அந்தப் பெயரை அடித்துவிடச் சொன்னாள். அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே சிரித்தார்.

"தூலியோ கெட்ஸோன்னு இந்தத் தீவுல பதினோரு பேர் இருக்கோம். அந்தப் பேரை எடுத்துட்டா என் கடுதாசி பத்து வீடு சுத்திட்டு வரும்டா கண்ணு."

அவர் சிரித்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இப்போது போதாக்குறைக்கு டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். எல்லோரும் தேவாலயப் பதிவேட்டைப் பார்த்து, ஐந்து தலைமுறைக்குத் தங்கள் வம்ச மரத்தை வரைந்து வர வேண்டும். திங்கள்கிழமை சுவரில் ஒட்டப் போகிறார்கள். தன் திருட்டுப் பரம்பரையைத் தானே எழுதித் தானே ஒட்ட வேண்டும் என்று நினைக்கும்போதே நீவெஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அவள் தேவாலய அலுவலகத்துக்குப் போனாள். பதிவேடுகளைக் கவனித்துக்கொள்ளும் வித்தாலே மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"வா, லாத்ரோ. நீயும் மரத்துக்குத்தானா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேஜையின் மறுபக்கம் வெளியூர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் ரொமினா. அர்ஜென்டினாவில் பஸ் ஓட்டுகிறாள். திக்கித் திக்கி இத்தாலியன் பேசினாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா அகொஸ்தீனோ இந்தத் தீவிலிருந்து கப்பல் ஏறியவராம். அவர் பிறந்த வீடு எது என்று கண்டுபிடித்துப் படம் எடுத்து வருகிறேன் என்று, படுக்கையில் கிடக்கும் தன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். காலையிலிருந்து தேடுகிறாள். ஐந்து மணிப் படகைப் பிடித்தால்தான் ராத்திரி விமானம்.

அவள் கையிலிருந்த காகிதத்தில் பெயர் 'குவேசோ' என்று இருந்தது. அங்கே கப்பலை விட்டு இறங்கியதும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டாராம். "எங்க ஊருல அதைக் கேட்டா எலும்புங்கிற மாதிரி இருக்கும். ஸ்கூல்ல என்னை எலும்புன்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள் ரொமினா.

வித்தாலே பெருமூச்சு விட்டார். அந்த வருஷங்களில் அகொஸ்தீனோ கெட்ஸோ என்று ஆறு குழந்தைகள் பிறந்திருந்தன. பட்டப்பெயர் தெரியாமல் எந்த வீடு என்று எப்படிச் சொல்வது?

'அதிர்ஷ்டக்காரங்க' என்று நீவெஸ் மனதுக்குள் பொருமினாள். 'கடலைத் தாண்டினதும் அந்தப் பேரு கழண்டு விழுந்துடுச்சு. நாங்க மட்டும் கட்டிக்கிட்டு அழறோம்.'

வித்தாலே அவள் முன்னால் பழைய பதிவேடு ஒன்றை வைத்தார். அவள் தன் குடும்பத்து வரிகளைத் தேடினாள். குழந்தையின் பெயர் 'நானே'. தந்தை ஜாக்கமோ கெட்ஸோ. அடுத்த கட்டம் மிகவும் குறுகல். அதில் பாதிரியார் பொடி எழுத்தில் நுணுக்கியிருந்தார்: 'லாத்ரோ தெ மெ.'

லாத்ரோ தெ மெலோனி. முலாம்பழத் திருடன். நீவெஸ் அழுத்திய அழுத்தில் பென்சில் முனை பட்டென்று உடைந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ரொமினா கடைசி முயற்சியாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதானாம். அகொஸ்தீனோ பிறப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னால், ஒரு குளிர்காலத்தில் கடல் உறைந்துவிட்டது. தீவுக் குழந்தைகளுக்கெல்லாம் தொண்டை நோய். எதிர்க்கரையில் இருந்த டாக்டர் பனியில் வர மாட்டேன் என்றார். அகொஸ்தீனோவின் அப்பா போய் டாக்டரை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்து, துடுப்பால் பனியை உடைத்துக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் வழியெல்லாம் திட்டினாராம். ஆனால் ஒன்பது நாள் தங்கி அத்தனை குழந்தைகளையும் பிழைக்க வைத்தாராம். திரும்பிப் போனதும் போலீஸில் புகார் கொடுக்கவும் அவர் மறக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு உங்க ஊரு வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். மெதெகோ. அந்த டாக்டரை அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள்.

மெதெகோ. தீவில் டாக்டரை இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நீவெஸின் பார்வை பதிவேட்டுக்குத் திரும்பியது. 'மெ.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த புள்ளியை அவள் முறைத்தாள். அதற்குமேல் கட்டத்தில் இடமே இல்லை. முலாம்பழம் என்று யார் சொன்னது?

சொல்லிவிடலாம். ஆனால் சொல்வதென்றால், 'என் பேரு திருடன், உங்க பேரும் திருடன்' என்று முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவளும் சிரித்துவிட்டால்? நீவெஸ் வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவள் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை.

வித்தாலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அலமாரியைப் பூட்டினார். ரொமினா நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நீவெஸும் கிளம்பினாள். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டியவள், படகுத்துறையைப் பார்த்து நின்றாள். ரொமினா அங்கே தொலைபேசியில் ஸ்பானிஷில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்; இத்தாலியனுக்குப் பக்கத்து மொழி என்பதால் நீவெஸுக்குப் புரிந்தது. "இல்லப்பா, கிடைக்கல. ஏதோ ஒரு வீட்டைப் படம் எடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏதோ ஒரு வீடா? நீவெஸுக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்தத் தடவை தன் மேலேயே வந்தது. அவள் ஓடினாள்.

"உங்க வீட்டுப் பேரு லாத்ரோ" என்றாள் மூச்சிரைக்க. "திருடன்னு அர்த்தம். சிரிக்காதீங்க. எங்க வீட்டுப் பேரும் அதுதான்."

ரொமினா சிரிக்கவில்லை. "நாங்க எதைத் திருடினோம்?" என்று கேட்டாள்.

"மெதெகோவை."

இருவரும் கைகோத்துக்கொண்டு ஓடினார்கள். வித்தாலே முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பூட்டைத் திறந்தார். ஆறு அகொஸ்தீனோக்களில் நாலாவது ஆள், ஜாக்கமோவின் மகன். குறுகிய கட்டத்தில் அதே பொடி எழுத்து: 'லாத்ரோ தெ மெ.' வித்தாலே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். இத்தனை வருஷமாக முலாம்பழம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

படகுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. ஜாக்கமோ காலத்திலிருந்து லாத்ரோ குடும்பம் இருந்துவரும் கால்வாய் ஓரத்து ஆரஞ்சு வீட்டின் முன்னால் நீவெஸின் அப்பா வலையோடு உட்கார்ந்திருந்தார். மகள் யாரோ ஒருத்தியை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்தார்.

"அப்பா, இவங்க நம்ம சொந்தம். நாம டாக்டரைத் தூக்கிட்டு வந்த குடும்பம். மத்ததெல்லாம் நான் அப்புறம் சொல்றேன், இப்போ படகுக்காரரை நிறுத்தி வைங்க."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஓடினார். ரொமினா கதவில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீட்டையும் நீவெஸையும் சேர்த்துப் படம் எடுத்தாள். படத்தில் நீவெஸ் உம்மென்று இருந்தாள். கோபம் அவ்வளவு சீக்கிரம் முகத்தை விட்டுப் போய்விடுமா என்ன?

திங்கள்கிழமை நீவெஸின் வம்ச மரம் சுவரில் ஏறியது. அதில் ஜாக்கமோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு படகு, வாய் நிறையத் திட்டுகிற ஒரு டாக்டர். கீழே 'லாத்ரோ தெ மெதெகோ' என்று முழுப் பட்டப்பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தது. கடல் தாண்டிப் போன ஒரு கிளையில் 'ரொமினா' என்று எழுதியிருந்தாள்.

அன்றைக்குப் பார்த்து மனோலோவின் ரப்பரைக் காணவில்லை. பதினான்கு தலைகளும் வழக்கம்போலத் திரும்பின. நீவெஸ் மெதுவாக எழுந்து நின்றாள்.

"ரப்பர், முலாம்பழம் எல்லாம் நாங்க தொடுறதில்ல. டாக்டர் யாராவது காணாமப் போனா மட்டும் எங்க வீட்டுல வந்து தேடுங்க."

வகுப்பே சிரித்தது. மனோலோவின் ரப்பர் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. விதைக் கணக்கை அவனோடு இன்னும் தீர்க்கவில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீவெஸ் நினைத்துக்கொண்டாள்.

டீச்சர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "கெட்ஸோ லாத்ரோ, நீவெஸ்."

"இருக்கேன் டீச்சர்" என்ற குரல் படகுத்துறை வரை கேட்டது.